ஒளியிழையில் நிறப்பிரிகை ஈடுசெய்தலின் வரலாறு

ஒளியிழை வழியே அனுப்பப்படும் ஒளித்துடிப்புகள் தொலைவு செல்லச் செல்ல அகன்று, ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து, மறுமுனையில் படிக்க முடியாதபடி கலங்கிவிடுகின்றன. இந்த விரிவுக்கு முதன்மையான காரணம் நிறப்பிரிகை. அதனை நீக்கவோ கட்டுக்குள் வைக்கவோ பயன்படும் முறைகள் நிறப்பிரிகை ஈடுசெய்தல் எனப்படுகின்றன. 1970களில் பொறியாளர்கள் நிறப்பிரிகையே இல்லாத இழையைத் தேடினர். 1980களில் அத்தகைய இழையைச் செய்தும் காட்டினர். அடுத்த பத்தாண்டிலேயே, நிறப்பிரிகை அறவே இல்லாத இழைதான் பெருந்தடை என்பது தெரியவந்தது. குறை என்று கருதப்பட்ட ஒன்று பாதுகாப்பாக மாறிய இந்தக் கதை, மண்ணுக்கடியிலும் கடலுக்கடியிலும் புதைக்கப்பட்ட கண்ணாடியின் எதிர்காலத்தைத் தீர்மானித்தது.

துடிப்பு ஏன் அகல்கிறது

முப்பட்டகத்தில் விழும் வெள்ளொளி நிறங்களாகப் பிரிவதற்குக் காரணம், கண்ணாடியின் ஒளிவிலகல் எண் அலைநீளத்துக்கு அலைநீளம் மாறுவதே. ஒளியிழையும் கண்ணாடியால் ஆனது. எனவே அதில் வெவ்வேறு அலைநீளங்கள் வெவ்வேறு வேகத்தில் செல்கின்றன. லேசர் ஒளி ஒரே நிறம் என்று சொல்லப்பட்டாலும், அதனைத் துடிப்புகளாக வெட்டும்போது சிறு அலைநீள அகலம் ஒன்று தானாகவே உண்டாகிறது. துடிப்பு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு இந்த அகலம் கூடும். ஒன்றாகப் புறப்பட்ட அலைநீளங்களில் சில முந்தியும் சில பிந்தியும் வந்து சேர்வதால் துடிப்பு நீள்கிறது.

வழக்கமான ஒற்றைப் பாங்கு இழையில், 1550 நானோமீட்டர் அலைநீளத்தில், இந்த அளவு கிலோமீட்டருக்குச் சுமார் 17 பிக்கோ நொடி ஆகும். இது ஒரு நானோமீட்டர் அலைநீள வேறுபாட்டுக்கான கணக்கு. ஒரு பிக்கோ நொடி என்பது ஒரு நொடியில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த அளவு, தகவல் வேகம் கூடும்போது பூதாகரமாகிறது. வேகத்தை நான்கு மடங்காக்கினால் துடிப்புக்குரிய நேரம் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. அலைநீள அகலமோ நான்கு மடங்காகிறது. ஆகவே ஈடுசெய்யாமல் செல்லத்தக்க தொலைவு பதினாறில் ஒன்றாகச் சுருங்குகிறது. நொடிக்கு 2.5 ஜிகாபிட் வேகத்தில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் செல்லும் குறிகை, 10 ஜிகாபிட்டில் சுமார் 60 கிலோமீட்டரும், 40 ஜிகாபிட்டில் சுமார் 4 கிலோமீட்டரும் மட்டுமே தாங்கும்.

தந்திவடம் கற்பித்த பாடம்

நெடுந்தொலைவில் குறிகை சிதைவது ஒளியிழைக்கு முன்பே அறியப்பட்ட சிக்கல். 1858 ஆகஸ்டில் அயர்லாந்தையும் நியூஃபவுண்ட்லாந்தையும் இணைத்து முதல் அட்லாண்டிக் தந்திவடம் இடப்பட்டது. அதன் வழியே விக்டோரியா அரசி அனுப்பிய 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி போய்ச்சேரச் சுமார் 16 மணி நேரமானது. ஒரு முனையில் கூர்மையாகக் கொடுக்கப்பட்ட மின்துடிப்பு மறுமுனையில் மெல்ல எழுந்து மெல்ல வடிந்தது. பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன், இந்தத் தாமதம் வடத்தின் நீளத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்று முன்பே கணித்திருந்தார். வடத்தின் மின்பொறுப்பை ஏற்றிருந்த வைல்ட்மேன் வைட்ஹவுஸ் அதனை ஏற்கவில்லை. அவர் மிகை மின்னழுத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். சில வாரங்களிலேயே வடம் செயலிழந்தது.

குறிகையின் வலிமையைக் கூட்டினால் சிதைவு தீராது. சிதைவுக்கு எதிரான ஒன்றை வழியிலேயே சேர்க்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைத்த பாடம். 1880களில் ஆலிவர் ஹெவிசைடு, கம்பியின் மின்தூண்டலைக் கூட்டினால் சிதைவு குறையும் என்று கணித முறையில் காட்டினார். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொலைபேசிக் கம்பிகளில் இடைவெளி விட்டுச் சுருள்களைப் பொருத்தும் முறை நடைமுறைக்கு வந்தது. ஒளியிழைக் காலத்தில் இதே உத்தி வேறு வடிவில் திரும்பியது.

முதலில் இழப்பு, பிறகு விரிவு

1966இல் இங்கிலாந்தின் ஹார்லோ நகரிலிருந்த ஸ்டாண்டர்டு டெலிகம்யூனிகேசன் ஆய்வகத்தைச் சேர்ந்த சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும், கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கினால் ஒளி இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லுக்குக் கீழே கொண்டுவரலாம் என்று எழுதினர். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ராபர்ட் மாரர், டொனால்டு கெக், பீட்டர் சுல்ட்ஸ் ஆகியோர் 17 டெசிபெல் இழையைச் செய்தனர். அறை வெப்பநிலையில் தொடர்ந்து ஒளிரும் குறைகடத்தி லேசரும் அதே ஆண்டில் உருவானது. அந்த நாளில் ஆய்வாளர்களின் கவலை முழுவதும் ஒளி மங்குவதைப் பற்றியே இருந்தது.

இழப்பு குறையக் குறைய, விரிவு முன்னுக்கு வந்தது. தொடக்ககால இழைகளின் உள்ளகம் அகலமானது. அதில் ஒளி பல பாதைகளில், அதாவது பல பாங்குகளில் சென்றது. நேராகச் சென்ற ஒளி முந்தியது. சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பிய ஒளி பிந்தியது. இதற்கு மாற்றாக, மையத்தில் மிகுதியாகவும் விளிம்பை நோக்கிப் படிப்படியாகக் குறைந்தும் வரும் ஒளிவிலகல் எண் கொண்ட இழை உருவாக்கப்பட்டது. அதில் நீண்ட பாதையில் செல்லும் ஒளி, விலகல் எண் குறைந்த பகுதியில் வேகமாகச் சென்று நேரத்தை ஈடுகட்டிக்கொள்கிறது. ஒளியிழையில் விரிவை ஈடுசெய்த முதல் நடைமுறை வழி இதுவே எனலாம். 1977இல் சிகாகோவில் பெல் நிறுவனம் நடத்திய தொலைபேசிச் சோதனை இவ்வகை இழையைப் பயன்படுத்தியது. அதன் வேகம் நொடிக்குச் சுமார் 45 மெகாபிட்.

உள்ளகத்தை ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டராகக் குறுக்கி ஒரே பாங்கு மட்டும் செல்லும்படி செய்தபோது பாதை வேறுபாடு ஒழிந்தது. எஞ்சி நின்றது நிறப்பிரிகை.

சுழியைத் தேடிய காலம்

1975இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னும் அலெக்சாண்டர் கேம்பிளிங்கும், சிலிக்காவின் நிறப்பிரிகை 1270 நானோமீட்டரை ஒட்டிச் சுழியாகிறது என்பதைக் காட்டினர். அந்த அலைநீளத்துக்கு இருபுறமும் பிரிகை எதிரெதிர்த் திசைகளில் அமைகிறது. ஒரு பக்கத்தில் நீண்ட அலைகள் முந்துகின்றன. மறுபக்கத்தில் குறுகிய அலைகள் முந்துகின்றன. ஒற்றைப் பாங்கு இழையில், இழையின் வடிவமைப்பால் உண்டாகும் பிரிகையும் சேர்வதால், சுழி சற்று நகர்ந்து 1310 நானோமீட்டரை ஒட்டி அமைகிறது. அந்த அலைநீளத்தில் ஒளியை அனுப்பினால் ஈடுசெய்யவே வேண்டியதில்லை.

1988 டிசம்பரில் செயல்பாட்டுக்கு வந்த முதல் அட்லாண்டிக் ஒளியிழை வடமான டேட்-8 இந்த வழியைப் பின்பற்றியது. 1.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், ஓர் இணை இழைக்கு நொடிக்கு 280 மெகாபிட் வீதம், ஒரே நேரத்தில் சுமார் 40,000 தொலைபேசி உரையாடல்களை அது தாங்கியது. சுமார் 60 கிலோமீட்டருக்கு ஒன்றாக நூறுக்கும் மேற்பட்ட மீளாக்கிகள் கடலடியில் வைக்கப்பட்டன. ஒவ்வொரு மீளாக்கியும் ஒளியை மின்குறிகையாக மாற்றி, துடிப்பைச் செப்பனிட்டு, மீண்டும் ஒளியாக அனுப்பியது. விரிவு பெருகுவதற்குள் குறிகை புதுப்பிக்கப்பட்டுவிட்டது.

ஆனால் கண்ணாடி மிகக் குறைவாக ஒளியை இழக்கும் அலைநீளம் 1310 அன்று, 1550 நானோமீட்டர். 1979இல் ஜப்பானின் நிப்பான் தந்தி தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அங்கே கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் என்ற அளவை எட்டினர். இழப்பு ஓரிடத்தில் குறைவு, பிரிகை வேறோர் இடத்தில் சுழி. இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர, உள்ளகத்தின் விலகல் எண் அமைப்பை மாற்றிச் சுழியை 1550க்கு நகர்த்தினர். 1980களின் நடுவில் வணிகத்துக்கு வந்த இந்த இழை, பிரிகை நகர்த்திய இழை எனப்பட்டது. மிகக் குறைந்த இழப்பு, சுழிப் பிரிகை ஆகிய இரண்டும் ஒன்றாகக் கிடைத்ததால் குறையற்ற இழை என்று அது கருதப்பட்டது. ஜப்பான் தன் நெடுந்தொலைவுத் தடங்களில் அதனைப் பெருமளவில் பதித்தது.

காகிதத்தில் பிறந்த மாற்றுவழிகள்

சுழியைத் தேடிய அதே ஆண்டுகளில் வேறு எண்ணங்களும் தோன்றின. 1973இல் பெல் ஆய்வகத்தின் அகிரா ஹசேகாவாவும் பிரெடரிக் டாப்பர்ட்டும் சொலிட்டான் என்ற தனியலையை இழையில் அனுப்பலாம் என்று கணித்தனர். வலிமையான ஒளி, கண்ணாடியின் விலகல் எண்ணைச் சிறிது மாற்றுகிறது. அந்த விளைவும் நிறப்பிரிகையும் ஒன்றையொன்று சமன்செய்தால் துடிப்பு அகலாமலே செல்லும். 1834இல் எடின்பரோ அருகே ஒரு கால்வாயில் வடிவம் மாறாமல் நகர்ந்த நீரலையை ஜான் ஸ்காட் ரசல் குதிரைமீது பின்தொடர்ந்து கண்டது இதன் முன்னோடி நிகழ்வு. 1980இல் லின் மாலனார், ரோஜர் ஸ்டோலன், ஜேம்ஸ் கார்டன் ஆகியோர் இழையில் சொலிட்டானைச் சோதனையால் காட்டினர்.

1979இல் அம்னான் யாரிவும் அவருடன் பணியாற்றியோரும், பாதி வழியில் ஒளியலையின் கட்டத்தைத் தலைகீழாக்கினால் முதல் பாதியில் ஏற்பட்ட விரிவை இரண்டாம் பாதி தானே சரிசெய்துவிடும் என்று முன்மொழிந்தனர். 1980இல் பெல் ஆய்வகத்தின் சின்லான் லின், ஹெர்விக் கோகெல்னிக், லெனர்டு கோஹன் ஆகியோர் இன்னும் எளிய வழியைச் சொன்னார்கள். ஒரு திசைப் பிரிகை கொண்ட இழையோடு எதிர்த்திசைப் பிரிகை கொண்ட இழையை இணைத்துவிட்டால் துடிப்பு பழைய அகலத்துக்குத் திரும்பும் என்பது அது. 1987இல் பிரான்சுவா உவெலெட், கீற்றுகளின் இடைவெளி படிப்படியாக மாறும் பிராக் கீற்றணியை முன்மொழிந்தார். முந்தி வரும் அலைநீளத்தைக் கீற்றணியின் தொலைவான பகுதியிலும், பிந்தி வருவதை அருகிலும் எதிரொளிக்கச் செய்து நேர வேறுபாட்டை நீக்குவது இதன் அடிப்படை.

மீளாக்கிகள் அடுத்தடுத்து இருந்தவரை இவற்றுக்கு உடனடித் தேவை எழவில்லை.

எர்பியம் பெருக்கியும் எதிர்பாராத சிக்கலும்

1987இல் சவுத்தாம்டனில் டேவிட் பெய்ன் குழுவினரும், பெல் ஆய்வகத்தில் இம்மானுவேல் டெசர்வீர் முதலியோரும் எர்பியம் கலந்த இழையால் ஒளியை ஒளியாகவே பெருக்கிக் காட்டினர். இப்பெருக்கி 1550 நானோமீட்டரை ஒட்டிய பல அலைநீளங்களை ஒரே நேரத்தில் பெருக்கியது. ஓர் இழையில் பல அலைநீளங்களை அனுப்பி, ஒவ்வொன்றிலும் தனித்தனித் தகவலை ஏற்றும் முறை இதனால் இலாபகரமாயிற்று. ஆனால் பெருக்கி, துடிப்பைச் செப்பனிடுவதில்லை. அகன்ற துடிப்பையும் அகன்றபடியே பெருக்குகிறது. முன்பு 60 கிலோமீட்டரில் நின்ற விரிவு இப்போது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொடர்ந்து சேர்ந்தது.

குறையற்றது என்று நம்பப்பட்ட பிரிகை நகர்த்திய இழைக்கு இங்கே வாய்ப்பு வந்ததாகவே தோன்றியது. நடந்தது வேறு. பல அலைநீளங்கள் ஒன்றாகச் செல்லும்போது, கண்ணாடியில் அவை தம்முள் கலந்து புதிய அலைநீளங்களை உண்டாக்குகின்றன. இது நான்கலைக் கலப்பு எனப்படும். வழித்தடங்கள் சம இடைவெளியில் இருந்தால், புதிதாகப் பிறக்கும் அலைகள் சரியாக மற்றத் தடங்களின்மேலேயே விழுகின்றன. நிறப்பிரிகை இருந்தால் அலைகள் வெவ்வேறு வேகத்தில் விலகிச் செல்வதால் இக்கலப்பு பெருகாது. பிரிகை சுழியானால் எல்லா அலைகளும் கைகோத்து நடப்பதுபோல ஒன்றாகவே சென்று, கலப்பு கிலோமீட்டர்தோறும் வலுக்கிறது. நிறப்பிரிகை துடிப்பை அகற்றிய அதே வேளையில் அலைகளை ஒன்றிலிருந்து ஒன்று காத்தும் வந்தது.

பெல் ஆய்வகத்தின் ஆண்ட்ரூ கிராப்லிவியும் ராபர்ட் காச்சும் இதற்குத் தீர்வு கண்டனர். எந்த இடத்திலும் பிரிகை சுழியாக இருக்கக்கூடாது; முழுத் தொலைவுக்கும் கூட்டிப் பார்த்தால் சுழியாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் கொள்கை. நேர்ப் பிரிகை, எதிர்ப் பிரிகை கொண்ட இழைத் துண்டுகளை மாற்றி மாற்றி இணைத்து, 1993இல் 10 ஜிகாபிட் வேகம் கொண்ட 8 தடங்களை 280 கிலோமீட்டருக்கு அனுப்பிக் காட்டினர். பிரிகை மேலாண்மை என்ற பெயர் பெற்ற இம்முறைக்காக இருவருக்கும் 2009இல் மார்க்கோனி பரிசு வழங்கப்பட்டது. 1550ஐ ஒட்டிச் சிறிதளவு பிரிகையை வேண்டுமென்றே வைத்துச் செய்த புதிய வகை இழைகளும் 1990களில் விற்பனைக்கு வந்தன.

சுழி இழையைப் பதித்துவிட்டவர்களுக்கு நெருக்கடி ஏற்பட்டது. ஒளியிழைத் தடத்தில் பெருஞ்செலவு கண்ணாடிக்கன்று, குழி தோண்டிப் பதிப்பதற்கே. பதித்ததைப் பிடுங்கி மாற்ற இயலாது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1570 முதல் 1600 நானோமீட்டர் வரையிலான நீள்அலைப் பட்டைக்குப் பெருக்கிகளை உருவாக்கி, சுழியிலிருந்து விலகிய அலைநீளங்களில் பல தடங்களை அனுப்பி அந்த இழைகளைப் பயன்படுத்தினர். இதற்கு மாறாக, பழைய வழக்கமான இழையைப் பதித்தவர்களின் கையில் பிரிகை மிகுந்த, ஆனால் கலப்புக்கு இடங்கொடாத கண்ணாடி இருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது விரிவை நீக்கும் கருவி மட்டுமே.

ஈடுசெய்யும் இழைச் சுருள்கள்

1980இல் சொல்லப்பட்ட எண்ணம் இப்போது தொழிலாயிற்று. குறுகிய உள்ளகமும் மிகுந்த விலகல் எண் வேறுபாடும் கொண்ட சிறப்பு இழையில், கிலோமீட்டருக்கு எதிர்த்திசையில் 80 முதல் 100 பிக்கோ நொடி வரை பிரிகையை உண்டாக்க முடிந்தது. 80 கிலோமீட்டர் வழக்கமான இழையில் ஒரு நானோமீட்டருக்கு 1,360 பிக்கோ நொடி சேர்கிறது. 85 பிக்கோ நொடி எதிர்ப் பிரிகை கொண்ட இழையில் 16 கிலோமீட்டர் அதனைச் சரிக்கட்டும். இந்த 16 கிலோமீட்டரும் தெருவில் பதிக்கப்படவில்லை. சுருளாகச் சுற்றிப் பெட்டியில் அடைத்துப் பெருக்கி நிலையத்தின் அடுக்குச் சட்டத்தில் வைக்கப்பட்டது.

இதற்கு விலையும் இருந்தது. அச்சிறப்பு இழை கிலோமீட்டருக்குச் சுமார் அரை டெசிபெல் இழந்தது. 16 கிலோமீட்டருக்கு 8 டெசிபெல் என்றால் ஒளித்திறன் ஏறத்தாழ ஆறில் ஒன்றாகக் குறையும். அதனை மீட்கக் கூடுதல் பெருக்கி வேண்டும். பெருக்கி கூடினால் இரைச்சல் கூடும். ஒரு அலைநீளத்துக்குச் சரியாகப் பொருந்திய சுருள் மற்ற அலைநீளங்களில் மிச்சம் வைத்தது. இந்தச் சரிவையும் ஈடுசெய்யும் இழைகளை உருவாக்க வேண்டியதாயிற்று. கீற்றணிகள் அளவில் சிறியவையாகவும் இழப்பு குறைந்தவையாகவும் இருந்து சுருள்களுக்குப் போட்டியாயின. சொலிட்டான் முறை ஆய்வகத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைக் கடந்தது. ஆனால் பெருக்கிகளின் இரைச்சலால் துடிப்புகள் வந்துசேரும் நேரம் தடுமாறியது. பிரிகை மேலாண்மை எளிதாகவும் மலிவாகவும் இருந்ததால் சொலிட்டான் பரவலான வணிகத்துக்கு வரவில்லை.

40 ஜிகாபிட் வேகம் வந்தபோது பிழை பொறுக்கும் அளவு ஒரு நானோமீட்டருக்குச் சில பத்து பிக்கோ நொடிகளாகச் சுருங்கியது. வெப்பநிலை மாற்றத்தால் இழையில் ஏற்படும் சிறு வேறுபாடும் நெடுந்தொலைவில் கணக்கில் வந்தது. ஒவ்வொரு தடத்துக்கும் அவ்வப்போது திருத்திக்கொள்ளும் ஈடுசெய்கருவி தேவைப்பட்டது.

கணக்கால் ஈடுசெய்தல்

நிறப்பிரிகை, ஒளியலையின் கட்டத்தை மட்டுமே மாற்றுகிறது, ஆற்றலை அழிப்பதில்லை. ஆகவே அலையை முழுமையாக அறிந்தால் கணக்கின் வழியே அதனைப் பின்னோக்கித் திருப்பிவிடலாம். வழக்கமான ஒளியுணரி ஒளியின் வலிமையை மட்டும் அளந்து கட்டத்தைத் தொலைத்துவிடுகிறது. வரும் ஒளியோடு ஏற்பியிலுள்ள மற்றொரு லேசரின் ஒளியைக் கலந்து அளந்தால் கட்டமும் கிடைக்கும். ஓரியல் ஏற்பு எனப்படும் இம்முறை 1980களில் ஆராயப்பட்டு, எர்பியம் பெருக்கி வந்ததும் கைவிடப்பட்டது.

மின்னணுச் சில்லுகள் போதிய வேகம் பெற்றதும் அது மீண்டது. 2004இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மைக்கேல் டெய்லர், ஓரியல் ஏற்பில் கிடைக்கும் அளவுகளை எண்ணிமக் கணக்கீட்டால் திருத்தி நிறப்பிரிகையை நீக்கும் முறையைக் காட்டினார். 2005இல் கனடாவின் நார்டெல் ஆய்வாளர்கள், அனுப்பும் முனையிலேயே துடிப்பை எதிர்த்திசையில் சிதைத்து அனுப்பி, ஈடுசெய்யும் சுருள் ஏதுமின்றி 10 ஜிகாபிட் குறிகையை 5,120 கிலோமீட்டர் வழக்கமான இழையில் செலுத்தினர். 2008இல் அதே நிறுவனம் 40 ஜிகாபிட் ஓரியல் ஏற்பியை வணிகத்துக்குக் கொண்டுவந்தது. அதன் சில்லு, நொடிக்கு 2,000 கோடி முறை குறிகையை அளந்து அப்போதைக்கப்போதே கணக்கிட்டது. அடுத்த ஆண்டே நார்டெல் திவாலானது. 2010இல் அதன் ஒளியிழைப் பிரிவு சியெனா நிறுவனத்தின் கைக்குச் சென்றது. தொழில்நுட்பமோ நின்றுவிடவில்லை. 100 ஜிகாபிட் வேகத்திலிருந்து ஓரியல் ஏற்பே நெடுந்தொலைவுத் தொடர்பின் பொதுவழக்கமாயிற்று.

இன்றைய நிலை

ஓரியல் முறைக்கென்று இடப்படும் தடங்களில் இப்போது ஈடுசெய்யும் சுருள்கள் வைக்கப்படுவதில்லை. பிரிகையைச் சேரவிடுவதே நல்லது என்ற நிலை உருவாகியுள்ளது. கிலோமீட்டருக்கு 20 பிக்கோ நொடி பிரிகை கொண்ட 6,600 கிலோமீட்டர் அட்லாண்டிக் வடத்தில், ஒரு நானோமீட்டருக்கு 1,32,000 பிக்கோ நொடி சேர்கிறது. நொடிக்கு 3,200 கோடி துடிப்புகள் அனுப்பினால், ஒவ்வொரு துடிப்பும் ஏறத்தாழ ஆயிரம் துடிப்புகளின்மேல் படர்ந்துவிடும். கண்ணால் பார்த்தால் வெறும் இரைச்சல். ஏற்பியின் சில்லு அதனைத் தனித்தனித் துடிப்புகளாகப் பிரித்தெடுக்கிறது. வழியில் இப்படிப் படர்ந்திருப்பதால் ஒளித்தடங்கள் ஒன்றையொன்று குலைப்பதும் குறைகிறது. பிரிகை மேலாண்மைக்கென்று நுணுகி வடிவமைக்கப்பட்ட முந்தைய கடலடி வடங்கள், இந்தப் புதிய முறைக்கு அவ்வளவு பொருத்தமாக அமையவில்லை.

தரவு மையங்களுக்குள் உள்ள சில கிலோமீட்டர் இணைப்புகளில் 1310 நானோமீட்டர் அலைநீளம் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அங்கே கணக்கிடும் சில்லுக்கு மின்சாரமும் பணமும் செலவிடுவதைவிட, 1975இல் சுட்டப்பட்ட வழியில் பிரிகையைத் தவிர்த்துவிடுவதே சிக்கனம். நெடுந்தொலைவு நிலத்தடங்களில், 1980களின் வழக்கமான இழை வகையே இன்றளவும் பெரிதும் பதிக்கப்படுகிறது. சுழிப் பிரிகை இல்லை என்பதால் ஒரு காலத்தில் குறையுடையது என்று ஒதுக்க எண்ணிய கண்ணாடி அது. அதன் வழியே இப்போது, அதனைப் பதித்தவர்கள் கணக்கிட்டிருந்த வேகத்தைப்போல் பன்மடங்கு தகவல் செல்கிறது.